துருவில் போகும் கார்பன்: ராமநாதபுரம் கரையோரப் பட்டறைகளுக்கு ஒரு பசுமை உற்பத்தி வழிகாட்டி

இறால் பண்ணையிலிருந்து எங்கள் பட்டறைக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி, அதாவது மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பெட்டி, பழுதுக்கு வந்தது. கதவின் கீழ் மூலையில் ஸ்க்ரூ டிரைவரை லேசாக வைத்து அழுத்தினேன். அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போய்விட்டது. பெட்டிக்கு வயது இரண்டே கால். உள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டரின் முனைகளில் பச்சை பூத்திருந்தது, எர்த் கம்பியின் முனையில் மாட்டும் லக் கையோடு வந்தது. பண்ணைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "அதே அளவுல புதுசா ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே, அடுத்த வாரம் குஞ்சு விடணும்" என்றார்.

அதே தகட்டில் அதே மாதிரி செய்து கொடுத்தால் இன்னும் இரண்டே கால் வருடத்தில் மறுபடி வருவார். வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டியில் 6 கிலோ தகடு இருக்கிறது. ஒரு கிலோ எஃகு ஆலையிலிருந்து வெளியே வருவதற்குள் சுமார் இரண்டரை கிலோ கார்பன் டை ஆக்சைடு வானத்துக்குப் போய்விடுகிறது. ஒரு பெட்டிக்கு 15 கிலோ. பதினெட்டு வருடத்தில் எட்டுப் பெட்டி, 120 கிலோ. கொஞ்சம் கனமான தகட்டில், சரியான பூச்சோடு ஒரே பெட்டி செய்தால் துத்தநாகத்தையும் சேர்த்து 30 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

பசுமை உற்பத்தி என்றதும் எல்லோரும் கூரைமேல் சோலாரைத்தான் காட்டுகிறார்கள். கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் அந்த நினைப்பு இயல்புதான். ஆனால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கரையோரத்தில் வெல்டிங் பட்டறை, லேத், எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை, பேனல் போர்டு வேலை, படகுச் சாமான் வேலை என்று எதைச் செய்பவருக்கும் முதல் எதிரி உப்புக் காற்றுதான். துருவைத் தள்ளிப்போட்டால் கார்பன் தானாகப் பெருமளவு குறையும். மின்சாரம், டீசல், எரிவாயு எல்லாம் அதற்கு அப்புறம். நான் செய்து பார்த்த வரிசையில் கீழே எழுதுகிறேன். கார்பன் டை ஆக்சைடை இனிமேல் கார்பன் என்றே சொல்லிவிடுகிறேன்.

படி 1: நிற்கும் பொருளா, தின்னும் பொருளா?

உங்கள் பட்டறையில் செய்யும் அல்லது பழுது பார்க்கும் பொருட்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள்.

கேட், கைப்பிடி, சோலார் தாங்கி, ஸ்டார்ட்டர் பெட்டி, படகின் இரும்புச் சட்டம், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் எல்லாம் நிற்கும் பொருட்கள். செய்து முடித்த பிறகு அவை எதையும் எரிப்பதில்லை. அவற்றின் கார்பன் முழுவதும் இரும்பிலும் பூச்சிலும் இருக்கிறது. அங்கே எடையைக் குறைக்கலாம், ஆயுளைக் கூட்டலாம், வேறு வழி கிடையாது.

மோட்டார், பம்ப், குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர், கம்ப்ரசர், குளிர்பெட்டி, படகு எஞ்சின் எல்லாம் தின்னும் பொருட்கள். 5 ஹெச்பி மோட்டார் ஒன்று நாளுக்குப் பத்து மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் முழுச் சுமையில் ஓடினால் 12,500 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன். ஆக வருடத்துக்கு எட்டேமுக்கால் டன். அந்த மோட்டாரின் இரும்பையும் செம்பையும் செய்வதற்கு ஆன கார்பன் இதில் சில வாரக் கணக்குத்தான். இங்கே ஒரு விழுக்காடு திறன் கூடினாலும் பலன் பெரிது.

ஏரேட்டரின் மிதவையும் துடுப்பும் நிற்கும் பொருள், மோட்டாரும் கியர் பெட்டியும் தின்னும் பொருள். இப்படி இரண்டும் கலந்த சாமான்களுக்கு இரண்டு கணக்கும் போட வேண்டும்.

படி 2: ஒரு மாதம் நோட்டுப் போடுங்கள்

ஆலோசகர் யாரும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மாதத் தொடக்கத்தில் ஈபி மீட்டர் எண், மாதக் கடைசியில் மீட்டர் எண். டீசல் வாங்கிய லிட்டர், எரிவாயு சிலிண்டர், வாங்கிய இரும்பின் கிலோ, பழைய இரும்புக் கடைக்குப் போட்ட வெட்டுத்துண்டின் கிலோ. கடைசி வரிதான் முக்கியம், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

பெருக்க வேண்டிய எண்கள் இவை: மின்சாரம் யூனிட்டுக்கு 0.7 கிலோ, டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ, எரிவாயு கிலோவுக்கு 3 கிலோ, புது எஃகு கிலோவுக்குச் சுமார் 2.5 கிலோ. எங்கள் பட்டறையில் ஒரு சாதாரண மாதம் இப்படி வந்தது. 620 யூனிட் மின்சாரம், 434 கிலோ. ஜெனரேட்டருக்கு 40 லிட்டர் டீசல், 108 கிலோ. 19 கிலோ சிலிண்டர் ஒன்று, 57 கிலோ. இரும்பு 1,200 கிலோ, அதற்கு 3,000 கிலோ. மொத்தம் 3,599.

இதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் முழுக்க எல்இடி பல்பு மாற்றியதைப் பற்றி எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். நூற்றில் எண்பத்து மூன்று பங்கு இரும்பில் இருக்கிறது, பன்னிரண்டு பங்குதான் மின்சாரம். காயில் கட்டும் கடைக்கு இந்தப் பங்கு வேறு மாதிரி வரும், ஐஸ் கம்பெனிக்கு முற்றிலும் தலைகீழாக வரும். அதனால்தான் அவரவர் நோட்டு அவரவருக்கு வேண்டும்.

படி 3: வெட்டுவதற்கு முன் வரைந்து பாருங்கள்

பைப் 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. 1.35 மீட்டர் கால் வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னால் ஒரு பைப்பில் நாலு கால், மிச்சம் 60 சென்டிமீட்டர். பத்தில் ஒரு பங்கு பழைய இரும்புக் கடைக்கு. "1.19 மீட்டரில் வைத்தால் பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பேர் சரி என்பார்கள். ஒரு பைப்பில் ஐந்து கால் கிடைக்கும், கட்டிங் வீல் தின்னும் மூன்று மூன்று மில்லிமீட்டரும் அதற்குள் அடங்கிவிடும். நீளத்தைக் குறைக்க முடியாத வேலை என்றால், அந்த 60 சென்டிமீட்டரைக் குறுக்குச் சட்டமாக்கும் இன்னொரு வேலையோடு சேர்த்து வெட்டுங்கள். நாங்கள் வெட்டுத்துண்டுகளை நீளவாரியாக மூன்று பீப்பாயில் நிறுத்தி வைக்கிறோம். புது பைப் எடுப்பதற்கு முன் பீப்பாயைப் பார்க்க வேண்டும் என்பது பையன்களுக்குச் சட்டம். முதல் மூன்று மாதம் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது.

தடிமனைக் குறைப்பதில் மட்டும் நிதானம் வேண்டும். கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் 2 மில்லிமீட்டர் போதும் என்கிற இடத்தில் கடற்கரையில் 3 வைக்க வேண்டிய நிலை வருவதுண்டு. பூச்சைச் சரியாகச் செய்தால் அந்தக் கூடுதல் மில்லிமீட்டர் தேவைப்படாது. துருவுக்காகத் தடிமனைக் கூட்டுவது, ஓட்டைக் குடத்தில் கூடுதல் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

எந்த இரும்பை வாங்குவது என்ற கேள்வியும் இருக்கிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிச் செய்த எஃகுக்குக் கார்பன் வெகு குறைவு, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து கிலோவுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வரும். ஆனால் சிறு ஆலைகளில் உருட்டி எடுக்கும் ரீரோலிங் கம்பி எல்லாமே பழைய இரும்பிலிருந்து வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் இரும்பையும் அதே உலையில்தான் போடுகிறார்கள், அதன் கார்பன் மிக அதிகம். மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு வரையறை வெளியிட்டது. ஒரு டன் எஃகுக்கு 2.2 டன் கார்பனுக்குக் கீழே இருந்தால் பசுமை எஃகு, 1.6-க்குக் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். வாங்கும் டீலரிடம் ஆலைச் சான்றிதழோடு இதையும் கேளுங்கள். இன்று முகத்தைச் சுளிப்பார். நாலு பேர் கேட்டால் வரவழைத்துத் தருவார். அலுமினியத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும்.

படி 4: உப்போடு கணக்குத் தீர்ப்பது

காற்று இரும்பை எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதைத் தரநிலைகளில் சி1 முதல் சி5 வரையிலும், அதற்கு மேல் சிஎக்ஸ் என்றும் பிரித்திருக்கிறார்கள். அலை உடையும் கரையோரம் சி5-ஐ ஒட்டித்தான் வரும். அங்கே மூடாத இரும்பு வருடத்துக்கு 80 முதல் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை கரையும், துத்தநாகம் 4 முதல் 8 மைக்ரான் வரை. கரையிலிருந்து உள்ளே போகப் போக இது விறுவிறுவென்று குறையும். ராமேசுவரம் தீவில் அந்தச் சலுகையும் கிடையாது. வாடை வீசினால் வடகடல், கச்சான் வீசினால் தென்கடல், எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு.

இப்போது நம் கடைகளில் விற்கும் பொருளைப் பாருங்கள். 120 ஜிஎஸ்எம் ஜிஐ (துத்தநாகம் பூசிய) தகடு என்றால் சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு எட்டரை மைக்ரான்கூட வராது. வருடத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் போனால் ஒன்று, இரண்டு வருடத்தில் துத்தநாகம் காலி. அந்தப் பண்ணைப் பெட்டி ஏன் இரண்டே கால் வருடத்தில் அப்பளமானது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பளபளவென்று மின்னும் முலாம் பூசிய போல்ட்டுகளும் அப்படித்தான், 5 முதல் 12 மைக்ரான். அதே இரும்பை உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தால் 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 70 மைக்ரானும், அதற்கு மேல் 85 மைக்ரானும் ஏற வேண்டும். கணக்குப் போட்டால் பத்து முதல் இருபது வருடம்.

தொட்டி வைத்த ஆலை பக்கத்தில் இருக்காது, லோடு அனுப்ப வேண்டும். "அதுக்கு டீசல் எரியுமே, அது கார்பன் இல்லையா?" என்று தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. குட்டி யானையில் 700 கிலோ சாமான் ஏற்றிப் போய்வர 300 கிலோமீட்டர் என்று வையுங்கள். சுமார் 20 லிட்டர் டீசல், 54 கிலோ கார்பன். வண்டியில் இருக்கும் இரும்பின் கார்பன் 1,750 கிலோ. நூற்றுக்கு மூன்று செலவழித்து ஆயுளைப் பல மடங்கு ஆக்குகிறோம். ஆனால் 100 கிலோவோடு வண்டியை அனுப்பாதீர்கள், இரண்டு மூன்று பட்டறைகள் சேர்ந்து லோடு கட்டுங்கள்.

முக்குவதற்கு அனுப்பும் சாமானில் வெல்டிங், டிரில்லிங் எல்லாவற்றையும் முன்பே முடித்துவிட வேண்டும். அப்புறம் வந்து ஒரு ஓட்டை போட்டால் துரு அங்கேதான் தொடங்கும். மூடிய பைப்பாக இருந்தால் இரண்டு முனையிலும் காற்றோட்ட ஓட்டை கட்டாயம். 450 டிகிரி துத்தநாகத்துக்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் போனால் பைப் வெடிக்கும், தொட்டியின் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம்.

தொட்டியில் முக்க முடியாத பெரிய சாமானுக்குப் பெயின்ட். இதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம், பெயின்ட் கம்பெனியிடம் இல்லை, நம் அவசரத்திடம். வெளியில் அடுக்கி வைத்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அந்த உப்பு ஈரத்தை இழுத்து ஆறே மாதத்தில் கொப்புளம் போட வைக்கும். எங்களிடம் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் ஈரவிரலால் இரும்பைத் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால், "இன்னொரு தடவ கழுவுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பீடியோடு திண்ணைக்குப் போய்விடுவார். அதற்கு விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன. நாக்கை நானும் சிபாரிசு செய்ய மாட்டேன், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஆனால் அவர் அடித்த வேலை நிற்கிறது.

போர் தண்ணீரில் கழுவாதீர்கள், நம் பக்கத்தில் அதுவே உப்பு. ஷெட் கூரையில் விழும் மழைத் தண்ணீரை ஒரு சின்டெக்ஸில் பிடித்து வைத்தால் இந்த வேலைக்குப் போதும். கழுவிக் காய்ந்ததும் தேய்த்து, அன்றைக்கே ப்ரைமர். பொழுது சாய்ந்த பிறகு அடிக்கவே கூடாது, கடல் ஈரம் இரும்பில் இறங்கிவிடும். விளிம்பு, வெல்டிங் ஓரம், போல்ட் தலை இவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை அடித்துவிட்டு அப்புறம் முழுச் சாமானுக்கும் அடியுங்கள். துத்தநாகம் கலந்த எபாக்ஸி ப்ரைமர், மேலே எபாக்ஸி, அதற்கு மேல் வெயில் தாங்கும் பாலியூரித்தேன், எல்லாம் சேர்ந்து 250 மைக்ரானுக்குக் குறையக் கூடாது.

இதையெல்லாம் படிப்பதைவிட பாம்பனில் போய்ப் பார்ப்பது நல்லது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் துரு முற்றி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள், மேலே பாலிசிலாக்சேன் பூச்சு. இணைப்பில் இடுக்கு இருந்தால் உப்புத் தண்ணீர் அங்கே உட்காரும் என்பதுதான் காரணம். நம் கேட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் அதே பாடம்தான். விட்டு விட்டு டேக் அடிக்காமல் சுற்றி முழுசாக வெல்டு அடியுங்கள். தண்ணீர் தேங்கும் மூலையில் வடிய ஓட்டை வையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் பற்றி இரண்டு வார்த்தை. கடைக்காரர் "எஸ்எஸ்" என்று கொடுப்பது பெரும்பாலும் 202. அது நம் கரையில் பழுப்புக் கோடு போட ஒரு மழைக்காலம் போதும். 304 ஓரளவு தாங்கும். உப்புத் தண்ணீரைத் தொடும் சாமானுக்கு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். அலுமினியச் சட்டத்தில் எஸ்எஸ் போல்ட் போடும்போது நடுவில் நைலான் வாஷர் வையுங்கள், இல்லையென்றால் போல்ட் புதுசாக இருக்கும், சுற்றியுள்ள அலுமினியம் மாவாகியிருக்கும்.

படி 5: மோட்டாரும் பேனலும்

நம் நாட்டு மோட்டார் தரநிலையான ஐஎஸ் 12615-ல் ஐஇ2, ஐஇ3, ஐஇ4 என்று திறன் வகுப்புகள் உண்டு. இரண்டு மூன்று முறை காயில் கட்டிய பழைய 5 ஹெச்பி மோட்டாரின் திறன் 82 விழுக்காடு என்று வைத்தால், ஐஇ3 மோட்டார் 88. முதல் படியில் சொன்ன மாதிரி வருடத்துக்கு 3,000 மணி நேரம் ஓடும் இடத்தில் கிட்டத்தட்ட 930 யூனிட் மிச்சம், 650 கிலோ கார்பன். வருடத்துக்கு 200 மணி நேரம்தான் ஓடும் என்றால் மாற்றாதீர்கள், காயில் கட்டிக் கொடுங்கள்.

காயில் கட்டும் கடைக்காரர்களுக்கு: எரிந்த செம்பை எடுக்க மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டரை விறகிலும் மண்ணெண்ணெயிலும் போட்டுக் கொளுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்டாம்பிங் தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய காப்புப் பூச்சு அந்தச் சூட்டில் கருகிவிடும். அப்புறம் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் இரும்பே கரண்டைத் தின்னும். சூட்டைக் கட்டுப்படுத்தும் அடுப்பில் 360 டிகிரிக்கு மேல் போகாமல் எடுங்கள். சுற்று எண்ணிக்கையையும் கம்பி கேஜையும் (கனத்தையும்) பிரிக்கும்போதே எழுதி வைத்து அப்படியே கட்டுங்கள். கேஜ் கிடைக்கவில்லை என்று ஒரு எண் மெலிந்ததைப் போட்டால் அந்த மோட்டார் வாழ்நாள் முழுக்கக் கூடுதல் கரண்ட் இழுக்கும். பழுதுக்கு முன்பு சுமையில்லாமல் சும்மா ஓடும்போது எடுத்த கரண்ட் தெரிந்தால், கட்டிய பிறகு கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரில் ஒப்பிட்டுப் பாருங்கள். எகிறியிருந்தால் இரும்பு போயிருக்கிறது, அல்லது சுற்றில் தப்பு. வாடிக்கையாளரிடம் மறைக்காதீர்கள்.

பண்ணைகளில் இன்னொரு ஓட்டை கேபிள். போர்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி 5 ஹெச்பி மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் இழுத்தால் கம்பியிலேயே கிட்டத்தட்ட 190 வாட் சூடாகப் போகிறது. இரண்டரை பழைய ஃபேன் சும்மா சுற்றுவதற்குச் சமம். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 115-க்கு இறங்கும், வோல்டேஜும் நிற்கும்.

காற்றாடி, சுழல் பம்ப் போன்றவற்றில் வால்வை மூடி ஓட்டத்தைக் குறைப்பதைவிட வேகத்தைக் குறையுங்கள். வேகம் 80 விழுக்காடானால் மின்சாரம் பாதியாகும். அதற்குத்தான் மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவி. ஆனால் விஎஃப்டியைக் கரையோரத்தில் சாதாரணப் பெட்டியில் வைத்தால் அதுவும் அந்த ஸ்டார்ட்டர் மாதிரியே போகும். தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத ஐபி65 பெட்டி, அடிப்பக்கம் மட்டும் கேபிள் நுழைவு, ஒவ்வொரு கேபிளுக்கும் அதை இறுக்கிப் பிடித்து இடைவெளியை அடைக்கும் அளவான கிளாண்ட், உள்ளே வெள்ளீயம் பூசிய லக். ஓட்டையைப் பெரிதாகப் போட்டு எம்சீல் அப்பும் வேலை வேண்டாம்.

படி 6: பட்டறைக்குள் ஓடும் மீட்டர்

டீ நேரத்தில் எல்லாக் காற்றுக் கருவிகளையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். தானாக நின்றதும் கடிகாரத்தைப் பாருங்கள். நாலு நிமிடம் நின்று ஒரு நிமிடம் ஓடுகிறது என்றால் ஐந்தில் ஒரு பங்கு காற்று ஒழுகுகிறது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும், அதை ஈடுகட்ட கம்ப்ரசர் சுமார் 3 கிலோவாட் கூடுதலாக இழுக்க. ஒழுகலை அடைத்த பிறகு அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒரு பார், அதாவது 14.5 பிஎஸ்ஐ குறைத்தால் ஏறக்குறைய 7 விழுக்காடு மின்சாரம் மிச்சம்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட் சும்மா இருக்கும்போதும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலும் பில்லில் வருகிறது. இன்வெர்ட்டர் செட் நல்ல மாற்று. நானும் வாங்கினேன், பதினாலே மாதத்தில் போர்டு போனது. திறந்து பார்த்தால் விசிறி இழுத்த உப்பும் இரும்புத் தூளும் போர்டு முழுக்கப் பாசி மாதிரி படிந்திருந்தது. வாரன்டி பன்னிரண்டு மாதம்தான், விற்ற கடைக்காரர் கையை விரித்துவிட்டார். இப்போது இரண்டாவது செட்டை மாதம் ஒரு முறை திறந்து காய்ந்த காற்றால் ஊதுகிறோம், இரவில் மூடி வைக்கிறோம், போர்டுக்குக் காப்பு வார்னிஷ் அடித்திருக்கிறோம். மூன்றாவது வருடம் ஓடுகிறது.

கெபாசிட்டர் போட்டால் பில் பாதியாகும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். இழுக்கும் கரண்டில் எவ்வளவு வேலையாகிறது என்ற விகிதமான பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய அது வேண்டும், ஆனால் யூனிட் அவ்வளவாகக் குறையாது.

சோலார் கடைசியில் வரட்டும், வீணாவதை நிறுத்திய பிறகு தேவையான அளவு சின்னதாகிவிடும். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும், 100 சதுர அடி இடம் பிடிக்கும். 5 கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 7,000 யூனிட், கிட்டத்தட்ட 5 டன் கார்பன். பேனல் வாங்கும்போது உப்புப் பனிச் சோதனையான ஐஇசி 61701 சான்று கேளுங்கள், தாங்கியை நாலாம் படியில் சொன்ன மாதிரி நீங்களே செய்யுங்கள். உபரி மின்சாரத்தை மின்கட்டமைப்புக்குக் கொடுக்கும் விதி உங்கள் இணைப்பு வகைக்கு எப்படி என்பதை ஈபி பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். டீசல் ஜெனரேட்டர் சின்னச் சுமையில் ஓடும்போது ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கார்பன் விடும். ஒரு டிரில்லுக்காக அதை ஓட்டாதீர்கள், பேட்டரி டிரில் வாங்குங்கள்.

படி 7: கேஸ், எண்ணெய், கழிவு

குளிர்பெட்டி வேலை செய்பவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். குளிரூட்டும் கேஸான ஆர்-404ஏ ஒரு கிலோவைக் காற்றில் விட்டால் அது 3,900 கிலோ கார்பனுக்குச் சமம். எங்கள் பட்டறையின் மொத்த மாதக் கணக்கையும் அந்த ஒரு கிலோ மிஞ்சிவிடுகிறது. ஆர்-22 சுமார் 1,800 மடங்கு, ஆர்-134ஏ 1,430 மடங்கு. புரொப்பேன் ஆர்-290 மூன்றே மடங்கு, ஐஸ் கம்பெனிகளில் ஓடும் அமோனியாவுக்குச் சுழி. ஆனால் முன்னது தீப்பிடிக்கும், பின்னது நச்சு, பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள். கேஸ் மாற்றும்போது "புஸ்" என்று திறந்துவிடும் பழக்கம் ஒழிய வேண்டும், மீட்பு எந்திரத்தில் பிடித்து வையுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றிக் கொடுப்பது வாடிக்கையாளருக்கும் நஷ்டம்.

எஞ்சின் எண்ணெயை மணலில் ஊற்றாதீர்கள். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா இருக்கிறது, பவளப்பாறைக்கு எண்ணெய் ஆகாது. பீப்பாயில் சேர்த்து அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுங்கள். பிவிசி கம்பியை எரித்துச் செம்பு எடுப்பதையும் நிறுத்துங்கள், கையால் உரிக்கும் சின்ன எந்திரம் வந்துவிட்டது, எரிக்காத செம்புக்கு விலையும் கூட.

படி 8: பில்லில் ஒரு வரி

ஒவ்வொரு பொருளுக்கும் எடை, பூச்சு மைக்ரான், எதிர்பார்க்கும் ஆயுள், கார்பன் கிலோ இந்த நாலையும் பில்லில் ஒரு வரியாக எழுதுங்கள். இரும்பின் எடையை 2.5 ஆல் பெருக்கி, உங்கள் நோட்டுப்படி பட்டறை மின்சாரப் பங்கைச் சேர்த்தால் போதும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளின் ஜாப்வொர்க் உங்களுக்கு வந்தால் இந்த வரி இல்லாமல் முடியாது. இரும்பு, அலுமினியச் சாமான்களுக்கான அவர்களின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது, போல்ட்டும் நட்டும்கூட அதில் அடக்கம். சிறு தொழில் அமைச்சகத்தின் செட் (ZED, குறையும் மாசும் இல்லாத உற்பத்தி) சான்றிதழ் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகளில் இருக்கிறது. குறுந்தொழிலுக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடு மானியம். இந்த நோட்டு கையில் இருந்தால் விண்ணப்பத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 9: தடைக்காலத்தில் பரிசோதனை

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையேறி நிற்கும், நமக்கு வேலை குவியும். அந்த இரண்டு மாதத்தையே வருடாந்திரப் பரிசோதனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு செய்து கொடுத்த சாமானில் சிலவற்றைத் தேடிப் போய்ப் பாருங்கள். துரு எங்கே தொடங்கியிருக்கிறது? பெரும்பாலும் போல்ட் தலையிலோ, வடிய வழியில்லாத மூலையிலோ, கேபிள் நுழையும் இடத்திலோ இருக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, அந்த இடத்துக்கு மட்டும் துத்தநாக ப்ரைமர் தொட்டுவிட்டு வாருங்கள். கால் லிட்டர் பெயின்டில் இன்னும் சில வருடம் ஓடும்.

பண்ணைக்காரருக்கு அந்தப் பெட்டியை, துத்தநாகம் தடிப்பாக ஏறட்டும் என்று 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்து, முக்கி எடுத்து, மூன்று கிளாண்டோடு கொடுத்தோம். விலையைக் கேட்டு முகம் கொஞ்சம் சுருங்கியது, "இவ்வளவா?" என்றார். கதவின் உள்பக்கம் தேதியையும் எடையையும் பஞ்ச் அடித்திருக்கிறோம். தடைக்காலத்தில் போகும்போது கூடவே ஒரு கிளாண்ட் ரப்பர் எடுத்துப் போக வேண்டும், மூன்றில் ஒன்று கொஞ்சம் தளர்வாக இருந்ததாக ஞாபகம்.